குழந்தைகள் டாக்டரை விட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் போகும்போது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு

என் மகனுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை அது, ஊசியில்தான் போட வேண்டும். காவேரிப்பட்டணத்திலிருந்து பதினோரு வருடம் ஒரே குழந்தைகள் டாக்டரிடம் போனோம். பிளஸ் டூ முடித்த கோடையில் அவர், "இனிமேல் பெரியவங்க டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லிச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியை நம்பி வேறொரு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "சுகர் யாருக்கு, உங்களுக்கா?" என்றார். "எனக்குத்தான் சார்" என்றான் மகன். ஃபைலைப் புரட்டினார். வயது 18, சர்க்கரை நோய், இன்சுலின் என்று இருந்தது. எந்த வகை என்று ஒரு இடத்திலும் இல்லை. "இந்த வயசுல ஊசி எதுக்குப்பா, மாத்திரையே போதும்" என்று இன்சுலினை அடித்துவிட்டு இரண்டு மாத்திரை எழுதினார். எனக்கு உறுத்தியது. ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி வாந்தி. விடியும்போது மூச்சு இரைக்க ஆரம்பித்தது. 108 வந்து தூக்கிக்கொண்டு போய், மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான்.

பதினோரு வருடமாகக் குழந்தைகள் டாக்டரின் தலைக்குள் இருந்ததும், என் தலைக்குள் இருந்ததும், தாளில் இல்லை. கோளாறு அங்கேதான். அதைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது சர்க்கரை என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். தலசீமியா (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய ரத்த நோய்), வலிப்பு, இதய வால்வுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு மாறுபடும் விஷயங்கள் 7ஆம் படியில் இருக்கின்றன.

1. கதவு எப்போது மூடும் என்று இப்போதே கேளுங்கள்

நம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயதோடு முடிந்துவிடும். 13 நடக்கும் பிள்ளைக்குச் சீட்டு போடும் இடத்திலேயே பொது மருத்துவம் என்று எழுதிவிடுவார்கள். தனியார் குழந்தைகள் டாக்டர்கள் பலர் 18 வரை பார்க்கிறார்கள். பள்ளிக்கு வந்து பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டமும் 18 வரைதான். ஆக நீங்கள் எங்கே காட்டுகிறீர்களோ, அங்கே எத்தனை வயது வரை பார்ப்பார்கள் என்று பிள்ளைக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கிக் கிடக்கும் நேரத்திலும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை நல்ல நேரம். நாங்கள் விட்டது அதைத்தான். கல்லூரி சேரும் அலைச்சலும் டாக்டர் மாறும் அலைச்சலும் ஒரே மாதத்தில் வந்து தலையில் விழுந்தன.

2. பழைய டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் அவசரத்தில் ஒரு வரிதான் கிடைக்கும். நானே எழுதி எடுத்துப்போன பிறகுதான் எங்கள் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். மகன் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து நடந்த கதை அது. முன்னாலேயே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

முதல் வரி நோயின் முழுப் பெயர். எங்கள் கடிதத்தின் முதல் வரி: "டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலினை எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது." இதைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன். டாக்டர் சிரித்தார், ஆனால் எழுதினார்.

அதற்குக் கீழே, நோய் எந்த வயதில், எப்படித் தெரியவந்தது. எந்த வகைச் சர்க்கரை என்று காட்டும் சி-பெப்டைட், ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு. இப்போது போடும் இன்சுலினின் பெயர், வேளைக்கு எத்தனை யூனிட், புட்டியா, பேனா வடிவ ஊசியா. கடைசி நாலைந்து ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவுகள். மூச்சு வாங்கியோ மயங்கியோ மருத்துவமனையில் சேர்ந்த நாட்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து. கண், சிறுநீர் அல்புமின், தைராய்டு பரிசோதனைகள் கடைசியாக எப்போது எடுத்தது. போட்ட தடுப்பூசிகள். கடைசியில் பழைய டாக்டரின் தொலைபேசி எண். புது டாக்டர் சந்தேகம் கேட்க நினைத்தால் கேட்கட்டும்.

ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள். ஓபியில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். நாலு பக்கம் கொடுத்தால் முதல் பக்கத்தைக்கூடப் படிக்க மாட்டார்கள்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, கடிதத்தை லேமினேஷன் போடாதீர்கள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன், பிறகு அதில் புது மருந்தளவைக் குறிக்கவும் முடியவில்லை, முத்திரை வைக்கவும் முடியவில்லை. மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஃபோனிலும் படம் எடுத்து வைத்தால் போதும். இன்னொன்று, பஸ் டிக்கெட் மாதிரி வழவழப்பான தாளில் வரும் லேப் ரிப்போர்ட். அது நாள்பட வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

3. அட்டைகளைச் சரிபாருங்கள்

முதலில் ஆதார். 15 வயதில் கைரேகையும் கருவிழியும் புதுப்பித்தே ஆக வேண்டும். சிறு வயதில் எடுத்த கைரேகையை வைத்துக்கொண்டு காப்பீட்டு அட்டைக்குப் போனால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். 17 வயதுக்குள் புதுப்பித்தால் கட்டணமில்லை.

அடுத்து ரேஷன் ஸ்மார்ட் கார்டு. பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா, இனிஷியலும் எழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதற்கே இரண்டு நடை நடந்தேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அது விஏஓ, வருவாய் ஆய்வாளர் மேஜைகளைத் தாண்டி வர வேண்டும், அதனால் நாளைக்கு வேண்டும் என்றால் இன்றைக்குப் போய் நிற்காதீர்கள். சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். சந்தேகத்துக்குக் கட்டணமில்லாத எண் 1800 425 3993.

இந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள நடைமுறைகளுக்கு. மாதாமாதம் வாங்கும் இன்சுலினுக்கும், வீட்டில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் அல்ல. மருந்துக் கடையில் அட்டையை நீட்டிச் சங்கடப்பட்டவள் என்பதால் சொல்கிறேன். அப்புறம், பிள்ளை பெற்றோர் அட்டையில் இருப்பது வேலை கிடைக்கும் வரை, கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை. இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை.

4. பக்கத்தில் ஒருவர், தூரத்தில் ஒருவர்

ஒரே டாக்டரிடம் எல்லாம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். நம் பக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மாத மருந்துக்கும் அவசரத்துக்கும் பக்கத்தில் ஒருவர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, பொது மருத்துவத்திலேயே பதிந்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாகப் பார்க்க, எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் சுரப்பியியல் நிபுணர் ஒருவர். தருமபுரி, அரூர்க்காரர்களுக்குச் சேலம் வசதி. பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் இருப்பவர்கள் வேலூர் போகிறார்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். மாநிலம் தாண்டிப் போகிறவர்கள் மட்டும் அந்த மருத்துவமனையில் நம் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று மேலே சொன்ன எண்ணில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

புது டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டைப் 1 பிள்ளைங்க எத்தனை பேரைப் பார்க்கறீங்க சார்?" கோபப்பட்டவரும் உண்டு. ஏழெட்டுப் பேரின் கதையைச் சொல்லத் தொடங்கியவரிடம் நாங்கள் தங்கினோம்.

பழைய டாக்டரை உடனே விட்டுவிடாதீர்கள். புதியவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் எழுதியதைப் பழையவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அதற்குப் பிறகு முழுதாக மாறுங்கள். எங்களுக்கு நடந்தது இந்த நடுவிலுள்ள ஒரு சந்திப்பு இல்லாததால்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021இல் தொடங்கியது. வீடு தேடி மருந்து வருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பையில் வருவது பெரும்பாலும் பெரியவர்களின் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரை. உங்கள் பிள்ளைக்கும் சுகர் என்று கேள்விப்பட்டு அன்போடு எடுத்துக் கொடுத்தால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

5. இன்சுலின் மாறும் நாள்

இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். தனியாரிடம் பேனா போட்ட பிள்ளை அரசு மருத்துவமனைக்கு மாறினால் பெரும்பாலும் கையில் கிடைப்பது புட்டி. நம் நாட்டில் இன்சுலின் புட்டியில் வழக்கமாக ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை. சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100.

பேனா கெட்டுப்போய்விட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் உறிஞ்சினால், 10 கோடு என்று நினைத்து எடுப்பது உண்மையில் 25 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஆகவே புட்டியின் மேல் உள்ள எண்ணும் ஊசியின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். என் மகன் முதலில் முறைத்தான். இப்போது தானாகவே படிக்கிறான்.

பேனாவிலிருந்து புட்டிக்குப் போகும்போது மருந்தின் வகையும் மாறினால், அதே யூனிட்டை அப்படியே போடக் கூடாது. அளவை டாக்டர்தான் திரும்ப எழுத வேண்டும். மாறும் முதல் வாரம் நாளைக்கு ஆறேழு தடவையாவது விரலில் குத்திப் பார்க்க வேண்டிவரும், அதற்கான ஸ்ட்ரிப்பை முன்பே வாங்கி வையுங்கள். பழைய இன்சுலின் ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது என்பதைப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்படி சொல்லுங்கள்.

6. வாயைத் திறக்க வேண்டியது பிள்ளை

குழந்தைகள் டாக்டரிடம் அம்மாதான் பேசுவாள். பிள்ளை சுவரில் ஒட்டியிருக்கும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் ஓபியில் அது நடக்காது. வரிசையில் முன்னும் பின்னும் தாத்தா பாட்டிகள் நிற்பார்கள், "இந்த வயசுலயா கண்ணு?" என்று பரிதாபப்படுவார்கள். பிள்ளைக்கு அந்த இடமே பிடிக்காமல் போகும். இதை முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்துப்போக வேண்டும்.

14 வயதில் தொடங்கலாம். முதலில் தன் நோயின் பெயரையும் மருந்தளவையும் பார்க்காமல் சொல்லப் பழகட்டும். அடுத்து மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவனே ஞாபகப்படுத்தட்டும். 16 ஆனதும் டாக்டர் அறையில் ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள். பெண் பிள்ளையானால் இது இன்னும் முக்கியம், மாதவிலக்கையொட்டிச் சர்க்கரை ஏறுவதை அப்பா முன்னால் எப்படிக் கேட்பாள்? ஆண் பிள்ளைகளுக்கும் நம்மிடம் கேட்க முடியாதவை இருக்கின்றன. என் மகன் தனியாக இருந்த முதல் ஐந்து நிமிடத்தில் பீர் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறான். சர்க்கரை பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம் என்று டாக்டர் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். அவனே பிறகு என்னிடம் சொன்னான். நான் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சாப்பாட்டு விஷயமும் அவன் வாயால் வர வேண்டும். புது இடத்தில் கொடுத்த அட்டவணையில் ஓட்ஸும் சப்பாத்தியும் இருந்தன. நம் வீட்டில் மத்தியானம் ராகிக் களி. "ஒரு உருண்டை களி, கீரைக் குழம்பு, எத்தனை யூனிட் மேடம்?" என்று அவன் கேட்டதும் அந்த உணவு ஆலோசகர், உருண்டை எவ்வளவு பெரிசு என்று கையால் காட்டச் சொன்னார். காட்டினான். அடுத்த முறை ஒரு உருண்டையை எடை போட்டு எழுதி வரச் சொன்னார். சமையலறைத் தராசு வாங்கினோம். மாங்காய் சீசனில் அதே தராசு பெங்களூரா மாம்பழத்துண்டுக்கும் பயன்பட்டது. களி எடையும் மாம்பழ எடையும் இப்போது அவன் ஃபோனில் இருக்கின்றன.

7. வேறு நோய்களுக்கு

தலசீமியா: மருத்துவமனைக்கு மருத்துவமனை ஏற்பாடு வேறு. குழந்தைகள் பிரிவில் காலையில் வந்து ரத்தம் ஏற்றிச் சாயங்காலம் போன பிள்ளையை, பெரியவர்கள் பிரிவில் வார்டில் சேர்த்தே ஏற்றக்கூடும். எங்கே, எந்தக் கிழமை, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கடைசி முறை ஏற்றும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் பரிசோதனை) அளவுகளும் இரும்புச் சத்தை வெளியேற்றும் மருந்தின் அளவும் கடிதத்தில் இருக்க வேண்டும். தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் மூன்றும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே அட்டை இருந்தால் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சிறு வயதில் கொடுத்தது தற்காலிக அட்டையாக இருக்கலாம். டைப் 1 சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை, அதற்காக அலைய வேண்டாம்.

வலிப்பு: பெண் பிள்ளை வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள் என்றால் பெரியவர்கள் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் கருவைப் பாதிக்கும் மருந்து அது. கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே மாற்ற முடியுமா என்று அவர் யோசிக்க வேண்டும். நீங்களாக ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள்.

ருமாட்டிக் இதய நோய்: மூன்று வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, பெரிய பிள்ளை ஆகிவிட்டான் என்பதால் முடிந்துவிடுவதில்லை. வால்வு பாதித்திருந்தால் 40 வயது வரைகூடப் போட வேண்டியிருக்கும். ஊசி அட்டையைக் கடிதத்தோடு பின் செய்யுங்கள்.

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு: 18 முடிந்ததும் சட்டப்படி நீங்கள் தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டீர்கள். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பம் தருவார்கள். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து கேட்கும் நாளில் இதைத் தொடங்க முடியாது.

8. முதல் நாளும் செலவும்

அரசு மருத்துவமனையில் ஓபி காலை 7.30க்குத் தொடங்கும். சீட்டு போடும்போதே நேரம் பாருங்கள், மதியத்துக்குள் ரத்தம் கொடுத்து டாக்டரையும் பார்த்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வரிசையில் நிற்கும் டைப் 1 பிள்ளையின் பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு ஸ்பூன் சர்க்கரையோ கட்டாயம் இருக்கட்டும். கடிதத்தை ஃபைலின் மேலே வையுங்கள், உள்ளே சொருகாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் இன்சுலினுக்குப் பணமில்லை. எங்களுக்குச் செலவு வைப்பது ஸ்ட்ரிப். தனியாரில் பார்க்கும் மாதங்களில் ஹெச்பிஏ1சிக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்குவோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கண்ணும் சிறுநீர் அல்புமினும் வருடத்துக்கு ஒரு தடவை, அரசு மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்கிறோம். நிபுணரைப் பார்க்கப் போகும் நாளில் பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஆகும் செலவைவிட, அன்றைக்கு விட்ட கூலிதான் பெரிசு. அதனால் பரிசோதனைகளை முந்தின வாரமே ஊரில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், ஒரே நாளில் திரும்பலாம்.

வேலைக்குப் போகும் பிள்ளைக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும். ஓசூர் கம்பெனிகளில் சேரும் பையன்கள் நோயை மறைக்கிறார்கள், வேலை போய்விடும் என்ற பயம். சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்கினாலும், பக்கத்து மெஷினில் நிற்கும் ஒருவனிடமாவது சொல்லி வைக்கச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் தொடங்கும் வாரத்துக்கு இன்சுலின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். என் மகன் அந்தத் தாளை ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறான்.